நாக்கிங் வந்தால் முதலில் டைமிங்

மேட்டில் நாக்கிங் (இன்ஜினுக்குள் தட்டுகிற சத்தம்) கேட்டதுமே பெட்ரோல் பங்க்கைத் திட்டுகிற ஆட்களுக்குத்தான் இந்தப் பதிவு. புதூரில் நண்பர் ஷெட்டில் நிற்கிற எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), அதே பழைய 1798 சிசி இன்ஜின், அழகர்கோவில் ரோட்டில் டாப் கியரில் மிதித்தாலே கலகலவென்று தட்டியது. பாயின்ட் கேப் (ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடுகிற பாயின்ட்டின் இடைவெளி) சரியாக, அதாவது 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள், இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டைமிங்கில் (ஸ்பார்க் விழும் நேரத்தில்) கை வைக்க வேண்டும், ஏனென்றால் கேப் மாறினால் டைமிங்கும் சேர்ந்து நகரும். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற வேக்யூம் டியூபைக் கழற்றி அடைத்து, புல்லியில் இருக்கும் சின்ன வெட்டில் சாக்பீஸ் தடவி, முதல் சிலிண்டர் ஒயரில் அந்த சிலிண்டரின் ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் மின்னுகிற டைமிங் லைட்டை மாட்டினோம். நம்மூர் மதிய வெயிலில் அந்த வெளிச்சம் எங்கே தெரியப்போகிறது, பொழுது சாய்ந்த பிறகுதான் குறியே கண்ணில் பட்டது.

அட்வான்ஸ் கூடிக் கிடந்தது, அதாவது ஸ்பார்க் ரொம்ப முன்னாடியே விழுந்துகொண்டிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப்பை லேசாகத் தளர்த்தி, அதற்குள் இருக்கும் ரோட்டர் சுற்றுகிற திசையிலேயே ஒரு நூல் அளவு திருப்பியதும் குறி இடத்துக்கு வந்தது.

முக்கியமான விஷயம், அந்த லைட்டில் பார்த்தால் சுற்றுகிற ஃபேன் நிற்கிற மாதிரியே தெரியும். கையை நீட்டிவிடாதீர்கள், தோளில் துண்டோடு குனியவும் வேண்டாம். "ஃபேன் நிக்கிதுல்லண்ணே?" என்று கேட்ட தம்பியை அங்கேயே விரட்டிவிட்டோம்.