அறிக்கையில் எழுதிய ஒரு சொல்

நோய்க்குறியியல் ஆய்வகத்தில் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், எண்டோஸ்கோபி அறையில் ஒரு அம்மாவின் இரைப்பையிலிருந்து கிள்ளியெடுத்து ஃபார்மலின் குப்பியில் அனுப்பிய எள்ளளவான இரண்டு திசுத் துண்டுகளைப் பார்த்துவிட்டு, ‘நாள்பட்ட இரைப்பை அழற்சி, புற்றுநோய் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த அறிக்கையை நம்பி அந்த அம்மா சில மாதங்கள் அமிலம் குறைக்கும் மாத்திரைகளையே விழுங்கியிருக்கிறார். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது என்று அவர் திரும்பி வந்தபோது, சி.டி. ஸ்கேனில் இரைப்பையின் சுவர் தடித்து இறுகியிருந்தது.

இரண்டாம் முறை எட்டுத் துண்டுகள் வந்தன. அவற்றில், ஆழத்திலிருந்து எடுத்த ஒன்றில் மட்டும் முத்திரை மோதிர செல்களைக் கண்டேன்: உள்ளே சளி நிறைந்து, உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, கல் பதித்த மோதிரம்போல் ஒவ்வொன்றும் தனித்தனியே சிதறிக் கிடந்தது. இந்த வகைப் புற்றுநோய் கட்டியாகத் திரளாமல் சளிப்படலத்துக்கு அடியில் பரவுவதால், மேற்பரப்பு ஏறக்குறைய இயல்பாகவே தோன்றக்கூடும்; சுவர் மட்டும் விரியாமல் இறுகிப்போகும். பழைய ஸ்லைடுகளை எடுத்து நெடுநேரம் பார்த்தேன்; அவற்றில் புற்றுசெல் ஒன்றுகூட இல்லை. ஆனால் இரண்டு துண்டுகளை வைத்துக்கொண்டு முழு இரைப்பைக்கும் ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? வயிற்றறையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வான வயிற்று உறை வரை நோய் பரவியிருந்ததால், அவருக்கு அறுவை சிகிச்சை செய்ய முடியவில்லை. கீமோதெரபி மட்டுமே கொடுத்தார்கள்.

அதன்பின் ‘இந்தத் துண்டுகளில் புற்றுநோய் காணப்படவில்லை’ என்றே எழுதுகிறேன். சந்தேகத்துக்குரிய இடத்திலிருந்து ஆறு முதல் எட்டுத் துண்டுகளாவது வேண்டும். இரைப்பைப் புண் மாத்திரையில் ஆறியதுபோல் தெரிந்தாலும் நம்பிவிடக்கூடாது. புற்றுப்புண்ணும் சில காலம் மேலாக ஆறும் என்பதால், எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் மறுபடியும் எண்டோஸ்கோபி செய்து பார்ப்பது நல்லது.

சளிக்குள் வளைந்த குச்சிகளாகத் தெரியும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவையும் தவறாமல் தேடுகிறேன். கண்டறிந்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த இந்தக் கிருமியை, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அழற்சி, சுரப்பிகள் அழிதல், இரைப்பைச் செல்கள் குடல் செல்கள்போல் மாறும் குடல்வகைச் செல்மாற்றம் என்று புற்றுநோய் வரை பல ஆண்டுகள் நீளும் அந்தப் பாதையின் தொடக்கத்திலேயே கிருமியை ஒழித்தால் ஆபத்து குறைகிறது.

மேற்படலத்தோடு நிற்கும் புற்றை எண்டோஸ்கோபி வழியாகவே அகற்றிவிடலாம். அதைத் தாண்டியதற்குப் பெரும்பாலும் அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோதெரபி தருகிறார்கள். அறுத்தெடுத்த இரைப்பை எங்களிடம் வந்ததும், நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க, ஒட்டியிருக்கும் கொழுப்பை விரல்களால் பிசைந்து நிணநீர் முடிச்சுகளைத் தேடுகிறேன். குறைந்தது பதினாறையாவது பரிசோதிக்காமல் நோயின் நிலையைத் திடமாகச் சொல்ல இயலாது; பன்னிரண்டோடு நின்றால் மறுநாளும் அதே கொழுப்பைத் தடவிப் பார்க்கிறேன். முற்றிய நோயில் புற்றுசெல்களில் ஹெர்-2 புரதம் மிகுந்திருந்தால் அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைக் கொடுக்க வழியுண்டு என்பதால், அந்தச் சோதனையையும் கேட்டு வாங்குகிறேன்.

இரண்டு துண்டுகள் மட்டும் வரும் நாட்களில் அறிக்கை எழுதும் முன் எண்டோஸ்கோபி மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, ‘காற்று செலுத்தியபோது இரைப்பை நன்றாக விரிந்ததா, டாக்டர்?’ என்று கேட்கிறேன்.