யாரும் சீண்டாத இஷாப்பூர் ரைபிள்

பழைய ராணுவ ரைபிள் சேர்க்கிறவங்க இங்க அமெரிக்காவுல ஏகப்பட்ட பேர், அவங்களுக்குள்ள ஒரு வரிசை இருக்கு, வாய் விட்டு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா கன் ஷோவுல மேஜை மேஜையா விலைச்சீட்ட பாத்துட்டே போனா தானா புரிஞ்சுடும். முதல்ல ஜெர்மன் கார் 98கே ரைபிள், அதுலயும் போல்ட்ல (தோட்டாவ உள்ள தள்ளி அடைக்கிற உறுப்பு) இருந்து ஸ்க்ரூ வரைக்கும் குத்தியிருக்கிற நம்பர் ஒத்துப்போச்சுன்னா பக்கத்துலயே போக முடியாது. அப்புறம் எம்1 கேரண்ட், ஸ்விஸ் கே31, இப்படி இறங்கி இறங்கி ரஷ்ய மோசின் நகாந்த் வரைக்கும் வந்தாச்சுன்னா அதுக்கும் கீழ, மேஜையோட கோடியில, எண்ணெய் ஊறி கருத்துப்போய் பிரிட்டிஷ் ராணுவ மாடலான ஒரு லீ என்ஃபீல்ட் சாஞ்சு நிக்கும், நம்ம வங்காளத்து இஷாப்பூர் ஃபேக்டரியில செஞ்சது, சீட்டுல "இந்தியன்"னு எழுதியிருக்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி. நான் நேரா அங்க தான் போவேன்.

ஒரு தடவ ஒரு வயசான வியாபாரி, நான் அத கையில எடுத்தத பாத்துட்டு, அது வேணாம் தம்பிங்கிற தோரணையில தலைய ஆட்டி, பக்கத்துல இருந்த இங்கிலீஷ்காரன் செஞ்சத எடுத்து நீட்டினாரு. நல்ல மனுஷன் தான். எனக்கு அவர் நீட்டினத விட ஒதுக்கினது தான் வேணும்னு புரிய வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

இந்த லீ என்ஃபீல்ட தான் நம்மூர்ல த்ரீ நாட் த்ரீன்னு (.303) சொல்லுவோம், தெரியாதவங்க கிடையாது. ஸ்டேஷன் வாசல்ல பாரா நிக்கிற கான்ஸ்டபிள் கையில பாத்திருப்போம், என்சிசில இருந்தவங்க சுட முடியாதபடி செஞ்சு வச்ச டிபி ரைபிள தோள்ல வச்சுக்கிட்டு "பகல் சஸ்த்ர்"னு ஹிந்தியில கத்தற டிரில் கட்டளைக்கு ஏத்த மாதிரி வெயில்ல நடந்திருப்போம், கிட்டத்தட்ட 4 கிலோ, தோள்பட்டை கன்னிப்போகும். அது எந்த வருஷத்து சரக்கு, யார் செஞ்சதுன்னு அப்ப ஒருத்தராவது திருப்பிப் பாத்திருப்போமா? நானும் பாத்தது இல்ல. உத்தரப் பிரதேச போலீஸ் இத வழியனுப்பி வச்சதே 2020 குடியரசு தின அணிவகுப்புல தான், அதாவது 1907ல வந்த ஒரு மாடல் வேலைய விட்டு ரிட்டயர் ஆக நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

அந்த 1907 மாடல் தான் எஸ்எம்எல்இ (ஷார்ட் மேகசின் லீ என்ஃபீல்ட்) மார்க் 3. பத்து குண்டு மேகசின், வேகமா இழுத்துத் தள்ளுற போல்ட். முதல் உலகப்போர் நடுவுல, 1916ல, இவ்ளோ நகாசு வேலை பண்ணிக்கிட்டு இருந்தா சண்டைக்கு சப்ளை பண்ண முடியாதுன்னு சில உறுப்ப எல்லாம் கழட்டி விட்டாங்க, மேகசின அடைக்கிற தகடு, தூரத்துல கூட்டத்தப் பாத்து சுட பக்கவாட்டுல வச்சிருந்த வாலி சைட்டு, இதெல்லாம் போச்சு, பேருக்குப் பின்னாடி ஒரு நட்சத்திரம் வந்துச்சு, மார்க் 3 ஸ்டார். அடுத்த போர் வந்தப்ப இங்கிலாந்து நம்பர் 4ங்கிற புது மாடலுக்கு மாறிடுச்சு. ஆஸ்திரேலியால லித்கோவும் வங்காளத்துல இஷாப்பூரும் பழைய மாடலையே செஞ்சுக்கிட்டு இருந்தாங்க, இஷாப்பூர் கடைசி வரைக்கும் நம்பர் 4 பக்கமே போகல. 1945ல இந்திய ராணுவத்துல இருந்த 25 லட்சம் பேர்ல எத்தன பேரு இத தூக்கிட்டு பர்மாவுக்கும் இத்தாலிக்கும் போயிருப்பாங்கன்னு நெனச்சுப் பாருங்க.

என்கிட்ட இருக்கிற ஒண்ணு 1943. கட்டைய பிடிக்கிற இடத்துல, கை மணிக்கட்டு வர்ற எடத்துல ஒரு இரும்பு வளையம் இருக்கும், வலது பக்கம் அதுல தான் ஜாதகமே எழுதியிருக்கும். மேல கிரீடம், கீழ ஜிஆர்ஐ, அதாவது ஜார்ஜ், ராஜாவும் அவரே சக்கரவர்த்தியும் அவரே, இங்கிலாந்துல செஞ்சதுல வெறும் ஜிஆர் தான், அந்த கடைசி ஐ நமக்காக சேத்தது. அப்புறம் இஷாப்பூர், வருஷம், மாடல் பேரு. போல்ட் கைப்பிடிக்குப் பின்னாடி ஒரு நம்பர் குத்தி, அத கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல வேற நம்பர் குத்தியிருக்காங்க, அதாவது இந்த போல்ட் வேற ஒரு ரைபிள்ல பொறந்து, அது செத்ததுக்கப்புறம் இதுக்கு வந்திருக்கு. கட்டையில ஒரு எடத்துல மரத்த சதுரமா வெட்டி எடுத்துட்டு வேற மரம் வச்சு ஒட்டியிருக்கான், எவ்ளோ நேர்த்தின்னா நகத்த வச்சு தடவினா கூட இணைப்பு தட்டுப்படல, நிறத்துல இருக்கிற வித்தியாசத்த வச்சு தான் கண்டுபிடிச்சேன். முன் கட்டைக்குக் குறுக்க ஒரு ஸ்க்ரூ போகும், மரம் பிளந்துடாம இருக்க, இத இங்க எல்லாரும் இஷாப்பூர் ஸ்க்ரூன்னே சொல்லுவாங்க. அடிக்கட்டையில பித்தளைத் தகட்டுல ஒரு குட்டிக் கதவு, கட்டை விரலால நெம்பித் திறந்தா உள்ள எண்ணெய் குப்பியும், பேரலுக்குள்ள விட்டு இழுத்து சுத்தம் பண்ற புல்த்ரூ கயிறும் வைக்கிற பொந்து. குப்பி இல்ல. கயிறு மட்டும் சுருண்டு கெட்டியாகி உள்ளயே இருந்துச்சு, முனையில ஒரு துணித்துண்டோட.

இதையெல்லாம் தான் இங்க உள்ள ஆளுங்க குறைன்னு சொல்றாங்க. நம்பர் மாத்தினது, ஒட்டுப்போட்டது, கருத்த கட்டை. அவங்க கணக்குப்படி ஃபேக்டரிய விட்டு வெளிய வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே பெட்டிக்குள்ள தூங்கின ரைபிள் தான் உசத்தி. எனக்கு அது ஒத்தே வரல. எந்த சண்டைக்கும் போகாம ஸ்டோர்ல கிடந்த ஒண்ணுல படிக்கறதுக்கு என்ன இருக்கு? பளபளன்னு இருக்கும், அவ்ளோ தான். நம்மாளு செஞ்சது அம்பது வருஷம் வேலை பாத்திருக்கு, உடைஞ்சத தூக்கிப் போட வசதி இல்லாம ஒருத்தன் உக்காந்து சரி பண்ணியிருக்கான். சரி பண்ணின அந்த ஆர்மரரோட வேலைய நான் காசு குடுத்து வாங்குறேன்னு வச்சுக்கோங்க.

இதுல இன்னொரு ரகம் இருக்கு, முன்பக்கம் மரத்துக்கு மேல கம்பிய வரிசையா இறுக்கி சுத்தி ஈயம் பத்த வச்சிருப்பாங்க. முதல் தடவ பாக்கிறவன் எவனோ உடைஞ்ச துப்பாக்கிக்கு கட்டு போட்டு வச்சிருக்கான்னு தான் நெனப்பான். அது கையெறி குண்டு வீசற ரைபிள். பேரல் வாயில ஒரு கிண்ணம் மாட்டி, அதுக்குள்ள மில்ஸ் 36 குண்ட வச்சு, முனையில ஈயக் குண்டு இல்லாத வெறும் வெடி மருந்து கேட்ரிட்ஜ் போட்டு, கட்டைய தரையில ஊன்றி சுடணும். அந்த அடியில மரம் பிளக்கும், பேரலே வெடிச்சாலும் சிதறாம இருக்கணும், அதுக்கு தான் கம்பி. இது மாதிரி வேலை பாத்த பேரல்ல சாதாரண தோட்டா போட்டு சுட்டுப் பாக்கலாம்னு ஆசைப்படறது புத்திசாலித்தனம் இல்ல, சுவத்துல மாட்டி வச்சா போதும்.

1962ல சீனாவோட நடந்த சண்டையில நம்ம ஜவான்கள் கையில இருந்ததும் .303 தான். அந்தக் காலத்துல தான் இஷாப்பூர் ஒரு காரியம் பண்ணுச்சு, எஸ்எல்ஆர்ங்கிற செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி எல்லாருக்கும் போய் சேர நாளாகும், அதுவரைக்கும் புது 7.62 தோட்டா சுடற மாதிரி பழைய டிசைனையே எடுத்து, இரும்ப மட்டும் கெட்டியாக்கி, சதுரமா ஒரு 12 குண்டு மேகசின் வச்சு 2ஏ, 2ஏ1னு விட்டாங்க. 2ஏல பின் சைட்டு 2000 வரைக்கும் கோடு போட்டிருக்கும், 2ஏ1ல அது எதுக்கு வீணா, யாரு அவ்ளோ தூரம் சுடப்போறான்னு 800 மீட்டரோட நிறுத்திட்டாங்க. எனக்கு அந்த முடிவு ரொம்ப பிடிக்கும். இங்க நிறைய பேர் இத .303 தான், துளைய பெருசு பண்ணி மாத்தினாங்கன்னு நம்பிக்கிட்டு இருக்காங்க, இல்லவே இல்ல, புதுசாவே செஞ்சது. இன்னொரு வேடிக்கை, .303 நம்மூர்ல சாதாரண லைசென்ஸ்ல கிடைக்காது, ராணுவ தோட்டாங்கிறதால தடை, அதனால அதே லீ என்ஃபீல்ட் போல்ட வச்சுக்கிட்டு .315ன்னு வேற தோட்டாவுக்கு ஒரு ரைபிள் செஞ்சு ஜனங்களுக்கு வித்தாங்க.

இஷாப்பூர் இருக்கிற எடத்தையும் சொல்லணும். ஹூக்ளி ஆத்தோரம், பாரக்பூருக்குப் பக்கம், முன்னாடி கம்பெனிக்காரன் வெடிமருந்து ஆலை வச்சிருந்த இடம். 1857ல கொழுப்பு தடவின தோட்டா விவகாரம் முதல்ல பத்திக்கிட்டதும் இந்தப் பக்கம் தான். அந்தத் தோட்டாவுக்கான துப்பாக்கி 1853 மாடல் என்ஃபீல்ட், பேரலுக்குள்ள ரைஃப்லிங், அதாவது சுத்திச் சுத்திப் போற காடி உண்டு, குண்டு சுழண்டு போறதால குறி தப்பாது. கலவரம் அடங்கினதும் இந்திய சிப்பாய்க்குன்னு தனியா ஒண்ணு செஞ்சாங்க, பாக்க கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும், பேரலுக்குள்ள ரைஃப்லிங் இருக்காது, வெறும் வழவழ குழாய், .656 அளவு. வெளியில நின்னு பாத்தா வித்தியாசம் லேசுல தெரியாது, வாய்ப்பக்கம் டார்ச் அடிச்சுப் பாத்தா தான் தெரியும் நம்மள எவ்ளோ நம்பினாங்கன்னு. அதுக்கப்புறமும் வெள்ளக்காரன் கையில மார்டினி ஹென்றி வந்தப்ப நம்மாளுக்கு ஸ்னைடர், அவன் லீ மெட்ஃபோர்டுக்குப் போனப்ப நம்மாளுக்கு மார்டினி, எப்பவும் ஒரு மாடல் பழசு தான்.

இந்த ஸ்னைடரும் மார்டினியும் இங்க மலிவா கிடைக்கறதுக்கு காரணம் நேபாளம். காத்மாண்டுல ஒரு பழைய அரண்மனைக்குள்ள அந்த நாட்ட ஆண்ட ராணாக்கள் காலத்து ஆயுதம் ஐம்பதாயிரத்துக்கும் மேல மலை மாதிரி குவிஞ்சு கிடந்தத 2003ல ரெண்டு அமெரிக்க கம்பெனிங்க சேந்து மொத்தமா வாங்கி கப்பல் ஏத்தினாங்க. கெட்டியான கிரீஸும் தூசியும் சேந்து களிம்பா அப்பியிருக்கும், "சுத்தம் செய்யாதது"ன்னே ஒரு விலை உண்டு, என்ன வருதுங்கிறது அதிர்ஷ்டம். சுரண்டச் சுரண்ட சிலதுல தேவநாகரி எழுத்து வெளிய வரும், அதுல சிலது நேபாளத்துலயே கையால செஞ்சது, கஹேந்திரான்னு சொல்ற மார்டினி ஜாதி. சுட வேண்டாம், எந்த இரும்பு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாது.

கைபர் கணவாய் சரக்கு தனிக் கதை. ஆப்கானிஸ்தான் போன அமெரிக்க சிப்பாய்ங்க அங்க சந்தையில வாங்கிட்டு வந்தது நிறைய இங்க சுத்துது. பாகிஸ்தான்ல தர்ரா ஆதம் கேல் பக்கம் அரத்த வச்சே துப்பாக்கி செய்யற கைகாரங்க, ஒரு மார்டினிய முன்னால வச்சு அப்படியே காப்பி அடிப்பாங்க, முத்திரை உட்பட. எழுத்து தான் அவங்களுக்கு படம். அதனால என்ஃபீல்டுங்கிற பேர்ல இருக்கிற N எழுத்து கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பி நிக்கும், விக்டோரியா முத்திரைக்குக் கீழ 1919ன்னு போட்டிருக்கும், அந்தம்மா செத்ததே 1901ல. தெரியாம வாங்கினா நஷ்டம், தெரிஞ்சு வாங்கினா இத விட சுவாரசியமானது கிடையாது, அந்த ஒத்த எழுத்துக்காகவே நான் ஒண்ணு வச்சிருக்கேன்.

சட்டம் கேக்கிறவங்களுக்கு சுருக்கமா. அமெரிக்க மத்திய சட்டப்படி 1898 வரைக்கும் செஞ்சது ஆன்டிக், துப்பாக்கி கணக்குலயே வராது. அதுக்கப்புறம் வந்ததுல 50 வருஷம் தாண்டினத சேகரிக்கிறவங்களுக்குன்னு தனி லைசென்ஸ், மூணு வருஷத்துக்கு 30 டாலர், வாங்கினது வித்தது எல்லாத்தையும் ஒரு புக்குல எழுதி வைக்கணும். கென்னடிய சுட்டது தபால்ல வந்த இத்தாலி ராணுவ ரைபிள், அதுக்கப்புறம் 1968ல தபால் வியாபாரத்தையும் ராணுவ மிச்ச சரக்கு இறக்குமதியையும் நிறுத்தினாங்க, எண்பதுகள்ல பழசுக்கு மட்டும் மறுபடி திறந்து விட்டாங்க. மாநிலத்துக்கு மாநிலம் வேற சட்டம் இருக்கு, பாத்துக்கோங்க. இந்தியால இருந்து படிக்கிறவங்க, 1959 ஆயுதச் சட்டத்துல ரிப்பேர் பண்ணாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டும் விலக்கு இருக்கு, தாத்தா காலத்துது பரண்ல கிடக்குதுன்னா நீங்களா முடிவு பண்ணாம போலீஸ்ல கேட்டுடறது நல்லது.

வாங்கினவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, தயவு செஞ்சு உப்புத்தாள் போடாதீங்க. கட்டை கருப்பா இருக்கேன்னு தேச்சு வார்னிஷ் அடிச்சு பளபளன்னு ஆக்கிட்டு படம் போடறாங்க, பாக்கவே வயிறு எரியுது, அந்த ஒரு மணி நேரத்துல முத்திரை, யூனிட் நம்பர், எவனோ கத்தியால கீறின கோடு எல்லாம் தூளா போயிடும். துணியில கொஞ்சம் ஆளி விதை எண்ணெய் தொட்டு தடவுங்க, பொறுமையா. பழைய .303 தோட்டா போட்டு சுட்டீங்கன்னா அன்னைக்கே பேரல்ல கொதிக்கிற தண்ணிய ஊத்திடணும், அதோட பிரைமர்ல இருக்கிற உப்பு தண்ணில தான் கரையும், எண்ணெய்ல கரையாது, மறுநாள் வரைக்கும் விட்டா துரு.

இப்ப நான் தேடிக்கிட்டு இருக்கிறது சுதந்திரத்த ஒட்டி செஞ்ச ஒண்ணு, கிரீடம் போய் அசோக சிங்கம் வந்த சமயத்துது, ரைபிள் ஃபேக்டரி இஷாப்பூர்ங்கிறத ஆர்எஃப்ஐன்னு சுருக்கமா குத்தியிருக்கும். ஒஹாயோல ஒருத்தர்கிட்ட 1950 தேதி போட்டது இருக்குன்னு சொன்னாரு, முத்திரையோட படம் அனுப்புங்கன்னா ரைபிளோட முழுப் படத்தையே திரும்பத் திரும்ப அனுப்பறாரு, எனக்கு வேண்டியது அந்த ரெண்டு இஞ்ச் இரும்பு மட்டும் தான்னு மறுபடி எழுதியிருக்கேன்.