செல்லூர் வீட்டில் ஒரு பை

செப்டம்பர் 14, 2025, ஞாயிறு

பீரோவை நகர்த்திப் பெருக்கினேன். பின்பக்கச் சுவரில் போன வருசத்துச் சேற்றுக் கோடு அப்படியே இருக்கிறது.

2024 அக்டோபர் 25. மதுரையில் மத்தியானம் மூணு மணிக்குக் கால் மணி நேரத்தில் 4.5 செ.மீ. மழை கொட்டியது. வைகையில் வெள்ளம் என்றால் முன்கூட்டியே தெரியும்: அணை 66 அடி தொட்டதும் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. கண்மாயும் வாய்க்காலும் பொங்கி வந்த அன்றைக்கு எங்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. நான் வேலையில், வீட்டுக்காரர் திருமங்கலத்தில், பையன் பள்ளிக்கூடத்தில். வீட்டில் அத்தை மட்டும், கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்.

ரெண்டு நாள் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜில் இருந்த அத்தையின் இன்சுலின் கெட்டிருக்குமோ என்று பயந்து கொட்டிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் கோரிப்பாளையம் வரை வீட்டுக்காரர் போய் வாங்கிவந்தார். இந்த ஐப்பசிக்கு முன்னால், வெள்ளம் வந்தால் எடுத்துக்கொள்ள ஒரு பை தயாராகணும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

டாக்டரிடமே கேட்டுவிட்டேன். திறந்த இன்சுலினை 30 டிகிரிக்குக் குறைவான இடத்தில் ஏறக்குறைய நாலு வாரம் வெளியில் வைக்கலாமாம். ஐஸ்மேல் நேராக வைக்கவே கூடாது, உறைந்தால் வீண். கரண்ட் இல்லாதபோது குளிர்ச்சிக்கு, பெரிய சட்டியில் ஈரமணல், அதற்குள் சின்னப் பானை, அதில் நனையாமல் மருந்து, மேலே ஈரத்துணி. விளாச்சேரிச் சட்டி ரெண்டு வாங்கி வைத்தேன். போன வருசம் இது தெரிந்திருந்தால் அவரை அந்தத் தண்ணீரில் இறக்கியிருக்க மாட்டேன்.

செப்டம்பர் 20, சனி

பை நிரம்பியது. பையனின் பழைய ஸ்கூல் பைதான். முதுகில் மாட்டினால் ரெண்டு கையும் சும்மா இருக்கும். ஊசி, மாத்திரைச் சீட்டு நகல், சர்க்கரை இறங்கினால் வாயில் போட குளுக்கோஸ், ஓஆர்எஸ், டார்ச், பவர் பேங்க், அவல், பொட்டுக்கடலை, விசில். ரேஷன் கார்டும் பத்திரமும் ஜிப் கவருக்குள். மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டேன், சிலிண்டர் கசிந்தால் ஆபத்து. ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர் உதவி 1077, மாநில உதவி 1070, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 எல்லாவற்றையும் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினேன்.

தண்ணீர்தான் கணக்கை மீறுகிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், நாலு பேர், மூணு நாள்: 48 லிட்டர். ரெண்டு கேனும் பாட்டில்களும் மாடிவீட்டு அக்கா வராந்தாவில். பையைப் பத்திரமாகப் பரணில் வைத்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சாயங்காலம் ஒத்திகைக்காக மெயினை அணைத்தோம். நாங்கள் மூணு பேரும் வாசலில் நின்றோம், அத்தை உள்ளே தனியாக. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏம்மா, பரணு எனக்கு எட்டலையே."

யாருக்காகப் பை கட்டினேனோ அவருக்கே எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். எனக்கு நெஞ்சு அடைத்தது.

பையை இறக்கினோம். அத்தை தூக்கிப் பார்த்தார், கனம். அவலையும் துணியையும் இன்னொரு பைக்கு மாற்றினேன். கட்டில் தலைமாட்டில், தண்ணீர் ஏறாத உயரத்தில், அத்தையின் தோளுக்கு நேராக ஆணி அடித்தார் வீட்டுக்காரர். மெயின் சுவிட்ச்சுக்குச் சிவப்பு டேப். கால் நனைந்திருந்தால் அதைத் தொடவே கூடாது என்று பையன் ரெண்டு தரம் சொன்னான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வேலை முடிந்து வந்தேன். அத்தை பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி பாதி ஏறி நிற்கிறார். கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கினார். "பன்னெண்டு படி. நின்னு நின்னு ஏறிடுவேன்."