பங்கி மணி: மூன்றாவது சூட்டில் பிடித்தது

பங்கி என்ற பழைய வேல்ஸ் கைமணியின் பெயரில் நான் செய்துவரும் இரும்பு மணிக்கு ஒருவழியாக வெண்கலப் பூச்சு ஏறிவிட்டது! இரண்டு மணிகளைக் காயலான் கணக்கில் சேர்த்த பிறகு.

தகட்டை வெட்டி மடித்து, ஓரங்களை ரிவெட் ஆணி அடித்து இணைத்த மணி. 2 மி.மீ. இரும்பு, ஒரு சாண் உயரம். தட்டினால் எண்ணெய் டின் மாதிரி 'டொக்' என்றது, ரிவெட் சந்துகள் வேறு கடகடத்தன. வேல்ஸ் துறவிகளின் பழைய இரும்புக் கைமணிகளில் வெண்கலம் பூசியது அழகுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சந்துகளை அடைப்பதே அதுதான்.

வெண்கலத் துண்டுகளை மணிமேல் வைத்துத் துணி சுற்றி, களிமண், சாணி, வைக்கோல் பிசைந்து விரல் கனத்துக்கு மெழுகி உலையில் வைக்க வேண்டும். முதல் தடவை வெயிலில் அவசரமாகக் காயவைத்ததில் ஓடு வெடித்து, உருகியதெல்லாம் சாம்பலில். அதுவும் வெண்கலமே இல்லை, குப்பென்று வெள்ளைப் புகை வந்தது. பழைய இரும்புக் கடையில் பித்தளையைத் தலையில் கட்டிவிட்டார்கள். இரண்டாம் தடவை ஒரு பக்கம் பொன், மறுபக்கம் கரி.

இந்தத் தடவை நிழலில் நான்கு நாள் காயவிட்டேன். 1000 டிகிரியை நெருங்கும்போது ஓட்டின் கீறலில் பச்சைச் சுடர் எட்டிப்பார்க்கும், அப்போது குறடால் உருட்ட ஆரம்பித்து, வெளியே எடுத்த பிறகும் செம்மை அடங்கும்வரை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் மொத்தமும் அடியில் போய்த் தங்கிவிடும். கை கழன்றேவிட்டது.

அதென்ன பங்கி? Bangu என்ற எழுத்தைப் பார்த்தால் 'பங்கு' என்றுதான் வாசிக்கத் தோன்றும், தென் வேல்ஸ் வாயில் கடைசியில் இகரம். 1188இல் வேல்ஸைச் சுற்றிவந்த ஜெரால்ட் என்ற பாதிரியார் எழுதியிருக்கிறார்: கிளாஸ்கும் தேவாலயத்தில் இருந்த கைமணி அது, வேல்ஸின் காவல் புனிதரான டேவிட்டுடையது என்பார்கள். ரயடர் கோட்டையில் விலங்கிட்டிருந்த கணவனை மீட்க ஒரு பெண் அதை ரகசியமாக எடுத்துப்போனாள். காவலர்கள் மணியைப் பிடுங்கிக்கொண்டு ஆளை விடவில்லை. அன்றிரவே ஊர் முழுக்க எரிந்தது, மணி தொங்கிய சுவர் மட்டும் மிச்சம்.

இரும்பு என்றாலே அங்கே இன்னொரு கதையும் உண்டு. தல்வித் தேக் என்ற தேவதைக் கூட்டத்துப் பெண்ணைக் கட்டியவன் குதிரைக்குக் கடிவாளம் வீசுகிறான், அதன் இரும்பு தவறி அவள்மேல் படுகிறது, அவ்வளவுதான், ஆள் மாயம். மூன்று வாரமாக இரும்புப் பொடியோடு வீட்டுக்குள் வரும் எனக்கு இதைச் சொல்லிக்காட்டியது என் மனைவி.

அடுத்து உருண்டைக் கைப்பிடியோடு பெரிதாக ஒன்று செய்ய, 3 மி.மீ. தகடு சொல்லிவைத்திருக்கிறேன். இதற்கே இன்னும் நாக்கு கட்டவில்லை, ஸ்பானரால்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.