சிறைக்குள்ளே அமைதியாக இருப்பவர்கள்

என் நண்பனை உள்ளே வைத்து பதினோரு நாள் ஆனபிறகுதான் மனு போட்டுப் பார்க்க முடிந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "ஒண்ணும் இல்லடா, நல்லாத்தான் இருக்கேன்" என்றான். முகத்தைப் பார்த்தே தெரிந்தது, நன்றாக இல்லை. நாலு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவன். வாசலில் சோதனை போட்டபோதே மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். வெளி மருந்து கூடாது, உள்ளே இருக்கிற டாக்டர் பார்த்து எழுதித் தர வேண்டும். அந்த டாக்டரை அவன் இன்னும் பார்க்கவே இல்லை.

இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். தலை சுற்றும், தூக்கம் போய்விடும், தலைக்குள் சின்னச் சின்னதாக ஷாக் அடிப்பது போல இருக்கும், எதற்கென்றே தெரியாத பதற்றம் வரும். இது நிறுத்தியதால் வருவது மட்டும்தான், பழைய நோய் திரும்ப வருவது தனிக்கணக்கு. இதையெல்லாம் அவன் யாரிடமும் சொல்லவில்லை. மூலையில் படுத்துக் கிடந்தான், கணக்கெடுக்கும்போது எழுந்து நின்றான், மறுபடி படுத்தான். வார்டர் கண்ணுக்கு அவன் தொந்தரவே இல்லாத ஆள்.

அதே வரிசையில் இன்னொருவர் இருந்தாராம். ராத்திரி முழுக்க யாரோ தன்னைக் கூப்பிடுவதாகச் சொல்லிக் கத்துவார், கணக்கெடுப்புக்கு நிற்க மாட்டார், சாப்பாட்டில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று தட்டைத் தள்ளிவிடுவார். அவரைத் தனிக்கொட்டடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இந்த இரண்டு பேரையும் சேர்த்து யோசித்துப் பார்த்தபிறகு எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. நோய் சத்தம் போட்டால் அது ஒழுங்கீனம், சத்தம் போடாவிட்டால் நன்னடத்தை. உலகத்தில் எந்தச் சிறையை எடுத்தாலும் ஆட்களைக் கட்டுக்குள் வைப்பதுதான் அங்கே முதல் வேலை, அதனால் எல்லாமே அந்தக் கண்ணில்தான் படுகிறது. வார்டர்களை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. நூற்றுக்கணக்கான பேரை ஒரு சிலர் பார்த்துக்கொள்ளும் இடத்தில் யார் அழுகிறார், யார் சாப்பிடவில்லை என்று எப்படிக் கவனிப்பது?

இது ஏதோ ஒன்றிரண்டு பேர் கதை இல்லை. 2002-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய தொகுப்பு ஆய்வு வந்தது. 12 நாடுகளில் நடந்த 62 கணக்கெடுப்புகள், கிட்டத்தட்ட 23,000 சிறைவாசிகள். மனச்சிதைவு மாதிரியான தீவிர நோயோ கடுமையான மனச்சோர்வோ ஏழு பேரில் ஒருவருக்கு இருந்தது. அதாவது ஒரு அறையில் பதினாலு பேர் படுத்திருந்தால் அதில் இரண்டு பேர். கடுமையான மனச்சோர்வு ஆண்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் பெண்களில் பன்னிரண்டு பேருக்கும் இருந்தது. பெண்கள் சிறைக்குள் போவதற்கு முன்பே வீட்டிலும் வெளியிலும் அடி உதையும் பாலியல் கொடுமையும் பட்டு வருவது மிக அதிகம், அதன்மேல் பிள்ளைகளைப் பிரிந்த துயரம் வேறு.

சிறைதான் நோயைத் தருகிறதா, நோயாளிகள்தான் சிறைக்குப் போய்ச் சேர்கிறார்களா என்று கேட்டால், இரண்டும்தான். டொரோதியா டிக்ஸ் என்ற ஆசிரியை 1841-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு சிறைக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கப் போனார். அங்கே மனநோயுள்ள பெண்களை, குளிர்காய நெருப்புகூட இல்லாத அறையில், குற்றவாளிகளோடு அடைத்து வைத்திருந்ததைப் பார்த்தார். அன்றைக்கு ஆரம்பித்து வாழ்நாள் முழுக்க மனநல மருத்துவமனைகளுக்காக அலைந்தார். பிறகு 1939-ல் லயனல் பென்ரோஸ் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஐரோப்பிய நாடுகளின் கணக்குகளை எடுத்துப் பார்த்துவிட்டு, மனநல மருத்துவமனையில் படுக்கை குறைவாக உள்ள நாட்டில் சிறையில் ஆள் அதிகம் என்றார். அந்தக் கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள், அதை விடுங்கள். வெளியே சிகிச்சை கிடைக்காத ஏழை நோயாளியை முதலில் வந்து பார்ப்பது பெரும்பாலும் போலீஸ்தான் என்பதை நான் நம்புகிறேன்.

உள்ளே போனபிறகு நடப்பதும் லேசானது இல்லை. விளக்கு அணையாத இரவு, ஓயாத சத்தம், அழக்கூட ஒரு மறைவு கிடையாது. தண்டனை பெற்றவருக்காவது வெளியே வரும் தேதி தெரியும். விசாரணைக் கைதிக்கு அதுவும் தெரியாது, வாய்தா மேல் வாய்தா. உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்து உள்ளே போன முதல் சில நாட்களிலேயே மிக அதிகம் என்பது சிறை மருத்துவம் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான், அப்படியிருந்தும் டாக்டர் வர அத்தனை நாள் ஆகிறது.

தனிக்கொட்டடி விஷயத்துக்கு வருகிறேன். பிலடெல்பியாவில் 1829-ல் ஒரு சிறை திறந்தார்கள், ஒவ்வொருவரையும் தனித்தனியாக அடைத்து வைத்தால் தன் தவறை எண்ணித் திருந்துவான் என்ற நல்லெண்ணத்தோடு. மனம் திருந்துவதற்குப் பதிலாகப் பலருக்கு மனம் கலங்கிப்போனது. இதை அறிந்துகொள்ள நமக்கு இரண்டு நூற்றாண்டு அவகாசம் இருந்தது. 2015-ல் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள், ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ உருப்படியான மனிதத் தொடர்பு இல்லாமல் வைப்பதுதான் தனிமைச் சிறை என்கின்றன. தொடர்ந்து 15 நாளுக்கு மேல் அப்படி வைக்கவே கூடாது. மனநோய் உள்ளவருக்கு அதனால் நோய் மோசமாகும் என்றால் ஒரு நாள்கூடக் கூடாது. தீவிர மனநோய் இருந்து, சிறையில் இருப்பதால் அது இன்னும் மோசமாகும் என்றால், கூடிய சீக்கிரம் அவரை மனநலச் சிகிச்சை இடத்துக்கு மாற்ற வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. யாரோ கூப்பிடுவதாகச் சொல்லிக் கத்தினாரே அந்த மனிதர், அவருக்காகவே எழுதியது போல.

உங்கள் வீட்டு ஆள் யாராவது உள்ளே இருந்தால் ஒன்று சொல்கிறேன். மருந்துச் சீட்டின் நகலையும் பழைய சிகிச்சை விவரத்தையும் வக்கீலிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள், நீதிபதியிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். நாங்கள் அப்படிக் கேட்டபிறகுதான் என் நண்பனுக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தது. பார்க்கப் போகும்போது "எப்படி இருக்கே" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாய், நேற்று எத்தனை வேளை சாப்பிட்டாய், யாரிடம் பேசினாய் என்று கேளுங்கள்.

அப்புறம், வெளியே வந்துவிட்டால் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் ஆபத்து, மற்றவர்களைவிட 12 மடங்குக்கும் மேல். போதை மருந்து அளவு மீறிப் போனதுதான் பெரிய காரணம், தற்கொலையும் அதில் உண்டு. கையில் மருந்துச் சீட்டு இல்லை, வேலை இல்லை, முகம் கொடுத்துப் பேச ஆள் இல்லை.

நான் அதைப் படித்துவிட்டு, அவன் வந்த அன்றே அவனுடைய பழைய டாக்டரிடம் கூட்டிப்போனேன். அப்புறம் பதினாலு நாளும் நண்பர்கள் நாங்கள் முறை வைத்து அவன் அறையில் படுத்தோம். விளக்கை அணைத்தால் அவனுக்குத் தூக்கம் வரவில்லை, எரிந்தால் எங்களுக்கு வரவில்லை. ஒன்பதாவது ராத்திரி அவனே எழுந்துபோய் விளக்கை அணைத்தான். இருட்டில் படுத்தபடி, அந்தப் பக்கத்துக் கொட்டடிக்காரர் இப்போது எங்கே இருப்பார் என்று கேட்டான்.