டேப்பட் சத்தம் குறைந்தால் மகிழ வேண்டாம்

ராயல் என்ஃபீல்டு 2016இல் அறிமுகப்படுத்தி 2023 வரை தயாரித்த 411 சிசி ஹிமாலயன்தான் என் நெடும்பயண வண்டி. அதன் இன்ஜினில் வியப்பூட்டும் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஒற்றை சிலிண்டர், இரண்டு வால்வுகள், 78 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 86 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), நிமிடத்துக்கு 6,500 சுற்றில் ஏறத்தாழ 24 குதிரைத்திறன், அவ்வளவே. இதைவிடச் சிறிய 373 சிசி இன்ஜினிலிருந்து கேடிஎம் 43 குதிரைத்திறனை எடுத்தது என்பதைப் பார்க்கும்போது, ஹிமாலயன் எவ்வளவு நிதானமாக வேலை செய்ய வடிவமைக்கப்பட்டது என்பது புரியும். ஆனால் நிதானமான இன்ஜின் என்பதாலேயே அதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது ஆயிலில் அல்ல, வால்வு இடைவெளியில்தான். வால்வின் தண்டு முனைக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற நெம்புகோலுக்கும் நடுவே விடப்படும் மெல்லிய சந்துதான் அது. அதைத் திருகால் சரிசெய்வதையே 'டேப்பட் வைப்பது' என்கிறார்கள்.

2008க்குப் பின் வந்த யுசிஇ வகை (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த) புல்லட், கிளாசிக் வண்டிகளில் ஹைட்ராலிக் டேப்பட் இருந்ததால், இடைவெளியை ஆயில் அழுத்தமே சரிசெய்துகொண்டது. அந்த வண்டிகளிலிருந்து ஹிமாலயனுக்கு மாறியவர்களுக்கு, குளிர்ந்த இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்கும் 'டிக் டிக்' ஓசை ஒரு கோளாறாகவே தோன்றுகிறது. மெக்கானிக்கிடம் சொல்லிச் சத்தம் அடங்கும்வரை டேப்பட்டை இறுக்கச் செய்கிறார்கள். வண்டி அமைதியாகிவிடுகிறது, உரிமையாளரும் மகிழ்ந்து போகிறார். என்னைக் கேட்டால், கவலைப்படத் தொடங்க வேண்டிய நேரமே அதுதான்.

காரணம் எளியது. நெடுஞ்சாலையில் இன்ஜின் 5,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 2,500 முறை திறந்து மூடுகிறது. எட்டு மணி நேரம் இப்படி ஓட்டினால் ஒரே நாளில் 12 லட்சம் முறை. ஒவ்வொரு முறையும் வால்வு தன் இருக்கையில் (மூடும்போது அது அமரும் வளையத்தில்) மோதுவதால், இரண்டும் சிறிது சிறிதாகத் தேய்ந்து, வால்வு சிலிண்டர் ஹெட்டுக்குள் மேலும் மேலும் உள்வாங்குகிறது. அதன் தண்டு ராக்கரை நோக்கி நகர்வதால் இடைவெளி காலப்போக்கில் குறைகிறது. இன்ஜின் சூடேறும்போது தண்டு நீள்வதால் எஞ்சிய இடைவெளியும் கரைந்துபோனால், வால்வு முழுமையாக மூடாது. புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் இருக்கையைத் தொட்டுத்தான் இறக்கிவைக்கிறது. அந்தத் தொடுதல் இல்லாமல் போனால் வால்வின் விளிம்பு கருகத் தொடங்கும். சூடான வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, ஐடிலில் நின்றுபோவது, ஏற்றத்தில் இழுவை குறைவது ஆகியவை அதற்குப் பிறகு தெரியும் அறிகுறிகள்.

ஆகவே, நெடும்பயணத்துக்கு முன் இரவு முழுதும் ஆறவிட்ட இன்ஜினில், இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளைக் கொண்டு அளந்து பார்ப்பதே சரியான முறை. காதால் கேட்டு டேப்பட் வைப்பதில் பெருமைகொள்ளும் மெக்கானிக்குகள் பலர் உண்டு. அவர்களுடைய திறமையை மதிக்கிறேன், ஆனால் என் வண்டியில் கேஜ்தான் பேச வேண்டும். சர்வீஸ் கையேடு தரும் அளவு வரம்பில் சற்றுத் தளர்வான பக்கமே எனக்கு விருப்பம். தளர்ந்தால் சத்தம் வரும், ராக்கரும் கொஞ்சம் தேயும். இறுகினால் வால்வே போய்விடும்.

ஆயிலைப் பொறுத்தவரை, இந்த இன்ஜினில் அது மசகு மட்டுமன்று, குளிரூட்டியும்கூட. சுமார் 2 லிட்டர் ஆயிலில் கால் லிட்டர் குறைந்தாலே வெப்பத்தைச் சுமக்கும் திறன் கணிசமாகக் குறைகிறது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று நிறுவனம் சொன்னாலும், இடையில் அளவைப் பார்க்காமல் இருப்பதற்கு அது அனுமதி ஆகாது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்து இன்ஜினில் உள்ள ஆயில் அளவுக் கண்ணாடியில் பார்ப்பது ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் முடிகிற வேலை. குறைந்தால் நிரப்ப, 15டபிள்யூ-50 தரத்தில் ஜாசோ எம்ஏ2 (பைக் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயிலைக் குறிக்கும் தரம்) குறியிட்ட ஆயில் ஒரு புட்டி பையில் இருப்பது நல்லது. பெட்ரோல் பங்க்கில் கிடைக்கிறதே என்று கார் ஆயிலை ஊற்றினால், அதில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கப்படும் பொருள்கள் ஆயிலில் நனைந்தே இயங்கும் கிளட்ச் தட்டுகளை வழுக்கச் செய்துவிடும்.

லடாக், ஸ்பிதி போன்ற இடங்களுக்குப் போய்வந்தவர்கள் ஏர் ஃபில்டரைத் தட்டிவிட்டு மீண்டும் மாட்டாமல் புதிதாக மாற்றிவிடலாம். அங்குள்ள நுண்மணல் பிஸ்டன் ரிங்குகளையும் சிலிண்டர் சுவரையும் அரைத்துவிடும். ஃபில்டரின் விளிம்பு சரியாகப் பொருந்தாமல் இருந்தால் புது ஃபில்டரும் பயன்படாது. முன்னால் இருக்கும் ஆயில் கூலரின் தகடுகளில் உலர்ந்த சேற்றையும் அப்போதே மெல்லிய நீர்ப்பாய்ச்சலில் கழுவிவிட வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை அருகில் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

அடுத்து வந்த ஹிமாலயன் 450இல் நீர்க்குளிரூட்டலும் இரட்டை கேம்ஷாஃப்ட்டும் வந்துவிட்டன. அதில் வால்வு இடைவெளியைத் திருகு கொண்டு மாற்ற முடியாது. உரிய தடிமன் கொண்ட ஷிம் என்ற சிறு உலோக வில்லையைத் தேர்ந்து வைக்க வேண்டும். சாலையோர மெக்கானிக்கிடம் அந்த ஷிம்கள் இருக்க வாய்ப்பில்லை என்பதால், 450 வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைப் பயணத்துக்கு முன்பே சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்கிச் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.