மூச்சு திரும்பிவிட்டது, கால் இன்னும் வரவில்லை

தன் குதிரை செவலையைப் பழையபடி சவாரிக்குத் தேற்றச் சொல்லி அக்கா என்னிடம் விட்டுவிட்டுப் போனபோது, பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "நல்லாத்தானே இருக்கா, கொழுகொழுன்னு!" அந்தக் கொழுகொழுதான் தொல்லையே. ஒரு வருடத்துக்கு மேல் வேலையில்லாமல் மேய்ந்துகொண்டே நின்றவள். கழுத்தின் மேல்விளிம்பு தடித்துக் கெட்டிப்பட்டிருந்தது. வால் தொடங்கும் இடத்தைத் தொட்டால் மெத்தென்று அமுங்கியது. விலா எலும்பு எங்கே என்று விரலால் அழுத்தித் தேட வேண்டும். ஆனால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய சதை மட்டும் காணோம். சேணம் உட்காரும் இடம் குழிந்து கிடந்தது.

குதிரையின் உடம்பை மதிப்பிட ஹென்னக் அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1983இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. கழுத்து, தோள்மேடு, தோளின் பின்பக்கம், விலா, இடுப்பு, வாலடி என்று ஆறு இடங்களைத் தொட்டுப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். 1 என்றால் எலும்பும் தோலும், 9 என்றால் அளவு மீறிய பருமன். நான் செவலைக்கு 8 போட்டேன். கால்நடை டாக்டர் 7 என்றார். கொஞ்சம் தாராள மனசு அவருக்கு. இந்த அளவுகோல் கொழுப்பைத்தான் சொல்லும், சதையைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண் இறங்கிவிட்டது என்பதற்காகக் குதிரை தயாராகிவிடாது.

டாக்டர் பார்த்து முடிக்கும்வரை சேணத்தை எடுக்கவே இல்லை. இதயம், நுரையீரல், சாணத்தில் புழு முட்டை எல்லாம் பார்த்தார். பல்லையும் பார்த்தார். குதிரைப் பல் தேயத் தேய ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். மேல்கடைவாயின் வெளிவிளிம்பும் கீழ்க்கடைவாயின் உள்விளிம்பும் கூராகி, கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். அப்படி ஒரு வாயில் கடிவாளத்தை மாட்டிவிட்டு, குதிரை முரண்டு பிடிக்கிறது என்று சொல்லி என்ன பயன்? அராவி விட்டார். பருத்த குதிரைக்கு லாமினைடிஸ் (குளம்புக்குள் வரும் அழற்சி) பயம் எப்போதும் உண்டு என்பதால், குளம்பில் சூடு இருக்கிறதா, அதற்கு மேலே நாடி துள்ளுகிறதா என்று பார்க்கவும் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

சாப்பாட்டில் ஒரு விஷயம். இளைக்க வேண்டுமே என்று பட்டினி போடக் கூடாது. பருத்த குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால், உடம்பிலுள்ள கொழுப்பு மொத்தமாக ரத்தத்தில் இறங்கி ஈரலைக் கெடுத்துவிடும். மட்டக் குதிரைகளுக்கு இது உயிருக்கே ஆபத்து. தானியத்தை நிறுத்தினோம், உப்பையும் தாதுக் கலவையையும் நிறுத்தவில்லை. உலர்புல் ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதம். 450 கிலோ குதிரைக்கு ஏறக்குறைய 7 கிலோ. எடை மேடை எல்லோரிடமும் இருக்காது. நெஞ்சுச் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கணக்கு கிட்டத்தட்ட வந்துவிடும். ஒரே டேப், ஒரே நேரம், ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டால் ஏற்ற இறக்கம் தெரியும்.

அப்புறம் நடை. நடை, நடை, மறுபடியும் நடை. முதலில் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன் (அவளைவிட நான்தான் முதலில் இளைத்தேன்). பிறகு மேலே ஏறி உட்கார்ந்து, சுறுசுறுப்பான நடையில் நேர்கோட்டில், கொஞ்சம் மேடு பள்ளமான வழியில். சின்ன வட்டத்தில் சுற்றவிடும் வேலையே வைத்துக்கொள்ளவில்லை. பழக்கமில்லாத மூட்டுகளை அது முறுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. எழுதுவதற்கு இதில் ஒன்றுமில்லை, அவ்வளவு சலிப்பு.

சலிப்பைப் போக்கியது நாடி பார்ப்பதுதான். தாடை எலும்பின் அடிவிளிம்பில் விரலை வைத்தால் ஒரு ரத்தக்குழாய் உருளும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம். வேலை முடிந்து பத்து நிமிடம் கழித்து எவ்வளவு என்பதுதான் எனக்கு முக்கியம். பல நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் இடைச் சோதனையில் நாடி 64க்குள் இறங்கினால்தான் மேலே போக விடுவார்கள். அதே 64ஐ நானும் எடுத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் வெறும் நடைக்கே அந்த எண் இழுத்தடித்தது. சில வாரங்களில், கொஞ்சம் ட்ராட் (மெதுவான ஓட்டம்) சேர்த்த பிறகும், சேணத்தைக் கழற்றுவதற்குள் இறங்கிவிட ஆரம்பித்தது.

என் கணக்கில் ஆபத்தான கட்டம் அங்கேதான் தொடங்குகிறது. அந்த முதல் வாரங்களை எல்லோரும் பயந்து பயந்து பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டாம், மூன்றாம் மாதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். குதிரைக்கு இதயமும் மூச்சும் சீக்கிரம் திரும்பும். போதாக்குறைக்கு, மண்ணீரலில் சிவப்பணுக்களைச் சேர்த்து வைத்திருந்து, ஓடும்போது ரத்தத்தில் அவிழ்த்துவிடும் பிராணி அது. ஆனால் சதை பிடிக்க மாதங்கள் ஆகும். தசைநாரும் எலும்பும் அதைவிட மெதுவு. தசைநாருக்கு ரத்த ஓட்டமே குறைவு. முழங்காலுக்குக் கீழே குதிரைக்குத் தாங்கிக்கொள்ளச் சதை கிடையாது, எலும்பும் நாரும்தான். அவை முழு வேலைக்குப் பழக ஒரு வருடம்கூட ஆகலாம். ஆக, குதிரை தலையை உதறிக்கொண்டு "போகலாம் போகலாம்" என்று இழுக்கும் நாளில், மேல்பாதி தயார், கீழ்ப்பாதி தயாரில்லை.

அக்கா போனில் கேட்பாள்: "ஏன்டி, இன்னும் நடையும் ட்ராட்டும்தானா? வீடியோல பாத்தா துள்ளுறாளே!"

"துள்றது அவ நெஞ்சு, அக்கா. கால் இல்ல."

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை. தூரம், வேகம், மேடு, இந்த மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூட்டுகிறேன். முதலில் தூரம். கடுமையான ஒரு நாளுக்கு அடுத்த நாள் இலேசான நடை. ஆழமான சேறும் மணலும் நாரை இழுக்கும், கெட்டித் தரையில் ட்ராட் போனால் எலும்பு அடி வாங்கும், இரண்டும் வேண்டாம். காலையில் முதல் வேலை, முன்னங்கால் இரண்டின் பின்பக்கத்தையும் முழங்காலிலிருந்து கீழே தடவிப் பார்ப்பது. ஒரு காலில் மட்டும் சூடோ வீக்கமோ தெரிந்தால் அன்று வேலை கிடையாது, டாக்டருக்குப் போன்.

கேன்டர் (ட்ராட்டைவிட வேகமான ஓட்டம்) இப்போதுதான், மிகச் சின்னச் சின்னத் துண்டுகளாக. கேன்டரில் நாலு காலும் ஒரு சுற்று வந்து விழுவதற்குக் குதிரை ஒரு மூச்சுதான் விடும். மேலே உட்கார்ந்து அந்தத் தாளத்தைக் கேட்டுக்கொண்டே போவது எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

முதுகில் சதை ஏற ஏற, முன்பு பொருந்திய சேணம் இறுக்க ஆரம்பித்தது. வியர்த்த முதுகில் ஓரிடம் மட்டும் காய்ந்து தெரிந்தால் அங்கே அழுத்துகிறது என்று சந்தேகப்பட வேண்டும். சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன். வயிற்றைச் சுற்றிச் சேணப் பட்டை கட்டும் இடத்தில் தோல் மென்மையாகிப் போயிருந்தது, அது இப்போது சரியாகிவிட்டது.

அக்கா அடுத்த மாதம் வருகிறாள். வந்ததும் ஒரு சின்னத் தடையாவது தாண்ட வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். தரையில் நாலு கட்டைகளைப் போட்டு வைத்திருக்கிறேன். அவற்றின் மேல் செவலையை நடத்திக்கொண்டு போகலாம், ஆசை தீரும்வரை. கயிற்றை அவளே பிடித்துக்கொள்ளட்டும்.